பதினைந்தாம் நாள் தொடங்கிய தரை

ஒரகடத்தில் எழுந்துகொண்டிருந்த ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு வேலை அட்டவணை வகுப்பவள் செந்தாமரை. எந்த வேலை எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடியும் என்பதைக் கணினியில் பட்டைகளாக வரைந்து அலுவலகச் சுவரில் ஒட்டுவாள். அந்த வாரம் ஒட்டிய தாளின் முன் தள மேலாளர் பலராமன் வந்து நின்றார்.

“இன்னா செந்தாமரை, தரை கான்கிரீட்டுக்குப் பதினாலு நாள் வெள்ளையா வுட்டுகினு கீற? தாள் மிச்சமாயிடுச்சா?”

அவள் எண்ணிக் காட்டினாள். தரை மொத்தம் ஆறு பகுதி. ஒரு பகுதியில் மண்ணை உருட்டிக் கெட்டிப்படுத்த நான்கு நாள். கான்கிரீட் இட இரண்டே நாள். ஐந்தாம் நாளே தொடங்கினால் இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் காத்திருப்பு என்று விட்டு விட்டு நடந்து இருபத்தாறாம் நாள் முடியும். பதினைந்தாம் நாள் தொடங்கினால் இடைவிடாது ஓடி, முடிவதும் அதே இருபத்தாறாம் நாள். முதல் பகுதியை எதிர்பார்த்து வேறு வேலை எதுவும் நிற்கவில்லை.

“மேலருந்து வந்து பாத்தா நான் இன்னாத்த காட்றது? பதினஞ்சாம் நாள் கான்கிரீட் போட்ற ஆளுங்க வரலன்னா?”

“வரலன்னா தப்பு என்னுது சார்.”

“அப்ப கையெழுத்தும் நீயே போடு.”

போட்டாள். சென்ற ஆண்டு மறைமலை நகரில் இதே வேலையை ஐந்தாம் நாளே தொடங்கவைத்து, இடைவெளிகள் தெரியாதபடி ஒரே நீண்ட பட்டையாக வரைந்தவள் அவள். மூன்றாம் இடைவெளியில் வேறு தளத்துக்குப் போன ஆட்கள் ஒன்பது நாள் கழித்தே திரும்பினார்கள். பழி அவர்கள்மேல் விழுந்தது. பிழை தன் பட்டையில் இருந்ததை அவள் மறக்கவில்லை.

ஆகவே இம்முறை கணினியோடு நில்லாமல், சேரப்பணஞ்சேரியில் அறையெடுத்துத் தங்கியிருந்த தரைக்குழு மேஸ்திரி, தென்காசிப் பக்கத்து முப்பிடாதியிடமே போய்க் கேட்டாள்.

“ரெண்டு நாளு வேல, ரெண்டு நாளு ரூம்ல குத்தவச்சிருன்னா, பயலுவ அஞ்சாம் நாளு எங்க கெடப்பானுவன்னு எனக்கே தெரியாது மேடம்” என்றார் அவர். “ஊர்ல அம்மன் கோயில் கொடை. முடிச்சிட்டுப் பதினஞ்சாம் நாளு வந்துருதோம். வந்த பொறவு நடுவுல நிறுத்தப்படாது, பாத்துக்கிடுங்க.”

“நிறுத்த மாட்டேன்.”

பதினான்காம் நாள் முப்பிடாதியின் கைபேசி அணைந்து கிடந்தது. “மாத்து ஆள் சொல்லட்டா?” என்றார் பலராமன்.

“வேணாம் சார். நிறுத்த மாட்டேன்னு சொல்லிட்டு, ஆரம்பத்துலயே ஆள மாத்தினா என் வார்த்தைக்கு என்ன மரியாதை?”

மறுநாள் காலை ஆறரைக்கு வேன் வந்தது. மஞ்சள் தெளித்த சட்டையும் மணிக்கட்டில் காப்புக்கயிறுமாகப் பன்னிரண்டு பேர் இறங்கித் தலைக்கவசம் அணிந்தார்கள்.

“போனு மஞ்சத்தண்ணில விழுந்துட்டு மேடம்” என்றார் முப்பிடாதி.

அன்று தொடங்கிய வேலை எண்ணெய் ஒழுக்கென இடையறாது நடந்தது. கொடுத்த சொல்லைக் காக்க, மாலைதோறும் அவர்களுக்கு முன்னே நடந்து அடுத்த பகுதியின் மண்ணைச் சோதித்தாள் செந்தாமரை. ஆறாம் பகுதியில் உருளை ஓய்ந்தது இருபத்துநான்காம் நாள் அந்தியில். விடிந்ததும் அங்கே கான்கிரீட் இறங்கியது.

இருபத்தாறாம் நாள் மாலை, காய்ந்திருந்த பகுதிகளின் இணைப்புகள்மீது நீண்ட மட்டப்பலகையை வைத்துக் குனிந்து பார்த்தார் பலராமன். பலகைக்கும் தரைக்கும் இடையே எங்கும் வெளிச்சம் கசியவில்லை.

“அடுத்த ஷெட்டுக்கு எம்மாம் வெள்ளை வுடணுமோ வுட்டுக்கோ. நான் கேக்கல” என்றார். “கையெழுத்து மட்டும் நானும் போடறேன்.”