வாங்கன்னு சொல்லாத வீடு

சினிமாவில் நுழைவது எப்படி என்று மோகனப்பிரியாவிடம் கேட்டால், எப்படியெல்லாம் நுழைய முடியாது என்று ஒரு மணி நேரம் பேசுவாள். இருபத்தேழு இயக்குநர்களுக்கு எழுதிப் போட்டாள். ஒருவரும் பதில் போடவில்லை. இரண்டு முறை சென்னைக்குப் போய், இரண்டு முறையும் வாசல் காவலாளியிடம் மட்டும் பேசிவிட்டு வந்தாள். குறும்படம் எடுத்துக் காட்டு என்றார்கள். எடுத்தாள். பார்க்கத்தான் ஆளில்லை.

நான் இல்மா. கோட்டைமேட்டுக்காரி. கோவையில் ஒரு கல்லூரியில் அவளும் நானும் சினிமா படிக்கிறோம், கடைசி வருடம். நான் புத்திசாலி, இப்போதே காந்திபுரத்தில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிப் பிழைக்கத் தொடங்கிவிட்டேன். அவளுக்கோ உதவி இயக்குநர் ஆகியே தீர வேண்டும். அவள் வீட்டில் வேறு கணக்கு. தேர்வு முடிந்ததும் பெரியப்பாவின் பம்ப் கம்பெனியில் ஆபீஸ் வேலை என்று முடிவு செய்து, நாற்காலி வரை போட்டு வைத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய ஊரான தொண்டாமுத்தூருக்கு ஒரு படக்குழு வந்து இறங்கியது. தோட்டத்து வீடு ஒன்றில் படப்பிடிப்பு. ஊர் முகங்கள் முப்பது வேண்டும் என்று கோ-டைரக்டர் மோகன்குமார் எங்கள் பேராசிரியரிடம் கேட்க, அவர் பிரியாவைக் கைகாட்டினார்.

"ஆளுங்களக் கூட்டிட்டு வந்து நாள் பூரா நீயே சமாளிக்கணும். ஒழுங்காப் பண்ணா டைரக்டர்கிட்ட சொல்றேன். சொதப்பினா சினிமாவையே மறந்துடு" என்றார் மோகன்குமார்.

பிரியா சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் இரண்டு வேனில் அள்ளிக்கொண்டு வந்தாள். துணைக்கு நானும் போனேன். அவளுடைய அம்மாவும் வந்தார். மகள் செய்யப்போகும் வேலை என்ன லட்சணம் என்று நேரில் பார்த்துவிட வேண்டுமாம்.

காட்சி மிகச் சுலபம். பத்து வருடத்துக்கு முன் கோபித்துக்கொண்டு ஓடிப்போன கதாநாயகன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். வாசலில் உறவெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. ஒருவரும் அவனோடு பேசக்கூடாது. அவ்வளவுதான். பேசுவதற்கு வசனமே இல்லாத காட்சியில் என்ன தப்பு வரப்போகிறது என்று நானும் நினைத்தேன்.

முதல் டேக். கதாநாயகன் கேட்டைத் திறந்தான். தென்னந்தோப்புக்காரர் தம்பிதுரை எழுந்து, "வாங்க, வாங்க" என்றார்.

இரண்டாவது டேக்கில் வாயை இறுக்கி மூடிக்கொண்டவர், பாதி எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். மூன்றாவதில் பக்கத்து வீட்டு நாச்சியம்மாள், "வா சாமி, தண்ணி குடிக்கிறயா?" என்றார். நான்காவதில் வாங்க என்ற குரல் எங்கிருந்து வந்தது என்று தேடினால், பிரியாவின் அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஒலியை மட்டும் அழித்துவிடலாம் என்றால் உதடு அசைவது படத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. எட்டாவது டேக் முடிந்தபோது மலைக்குப் பின்னால் வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது.

மோகன்குமார் மைக்கில் கத்தினார். "வாயத் தொறக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

தம்பிதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் மரியாதை குறையவில்லை. "ஏனுங்க, சொந்தக்காரன் ஒறம்பரையா வாசப்படி ஏறி வாரப்ப வாங்கன்னு சொல்லாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அது மனுசன் செய்யற வேலைங்களா? எங்களுக்கு வரமாட்டேங்குதுங்க."

மோகன்குமார் பிரியாவிடம் திரும்பினார். "இன்னும் ஒரே டேக். இதுவும் போச்சுன்னா அவங்களோட நீயும் வேன்ல ஏறிடு."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த ஆள்மீது பற்றிக்கொண்டு வந்தது. "எல்லார் வாயிலயும் வெத்தலையத் திணிச்சிடு" என்றேன்.

"வெத்தலைய ஒதுக்கிக்கிட்டு வாங்கம்பாங்க. உனக்கு எங்காளுகளத் தெரியாது" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அல்லாரும் கேளுங்க. இந்தப் பையன் ஊட்ட உட்டுப் போயிப் பத்து வருசமாச்சுங்க. இன்னிக்குத்தான் வாரான். ஆனா காத்தால அவங்கம்மா எறந்து போயிட்டாங்க. அவனுக்கு இன்னும் தெரியாதுங்க. இது இப்ப எழவு ஊடுங்க."

வேறொன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டுக்கு வருகிறவரை வாங்க என்று யாரும் அழைப்பதில்லை. அதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

ஒன்பதாவது டேக். கதாநாயகன் இன்னொரு வாங்கவை எதிர்பார்த்து, அடக்கிய சிரிப்போடுதான் உள்ளே வந்தான். தம்பிதுரை தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நாச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிரியாவின் அம்மா அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றான், அடுத்த அடி வைக்க முடியாமல். யாரும் சாகவில்லை என்று தெரிந்த நானே தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கட் சொல்ல இயக்குநர் மறந்தே போனார். பிறகு மானிட்டரை விட்டு எழுந்து வந்து பிரியாவிடம் கேட்டார். "என்னம்மா சொன்ன இவங்ககிட்ட?"

சொன்னாள்.

"கதையில அம்மா உயிரோட இருக்காங்களே."

"தெரியுங்க சார். அத அவங்ககிட்டத்தான் நான் சொல்லலீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பரீட்சை எப்ப முடியுது?"

"ஏப்ரல்லீங்க."

"மே ஒண்ணாம் தேதி சென்னை ஆபீஸுக்கு வந்துடு. மோகன், நம்பர் வாங்கிக்கோ."

அவளை விட நான்தான் அதிகம் குதித்தேன். மோகன்குமார் முகத்தைப் பார்த்ததில் இன்னும் கொஞ்சம் குதித்தேன்.

அதற்குள் ஊர்க்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். போயிட்டு வாரேன் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. புரொடக்‌ஷன் ஆள் டிபன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் பின்னால் ஓடினார். அந்த வீட்டுச் சாப்பாட்டை யாரும் கையால் தொடவில்லை. என்ன கோபம் என்று அவர் என்னைக் கேட்டார்.

நாங்கள் ஸ்கூட்டரில் பிரியாவின் வீட்டுக்குப் போனபோது, தெருவில் வீட்டுக்கு வீடு தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மா ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாசலில் வாளியும் சொம்புமாக நின்றார்.

"அங்கயே நில்லு கண்ணு."

"அம்மா, அது நடிப்பும்மா. யாரும் சாகல."

"எனக்குத் தெரியாதா? அதுக்குன்னு அப்பிடியே உள்ள வந்துருவியா?"

முதல் சொம்பு தலையில் விழுந்தது. எனக்கும் காலில் ஒரு சொம்பு. "எங்கள்ல இது இல்லீங்கம்மா" என்றேன். "பரவால்ல அம்மணி, தண்ணி நெறையாக் கெடக்குது" என்றார்.

"மே ஒண்ணாந்தேதி மெட்ராஸ் வரச் சொல்லிட்டாங்கம்மா" என்றாள் பிரியா, மூச்சுத் திணறிக்கொண்டே.

சொம்பு நின்றுவிட்டது. அந்த அம்மா அதை வாளிக்குள் விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"அந்தப் பையன் வந்து நின்னான் பாரு, எங்கம்மா போன அன்னிக்கு நான் போய் நின்ன மாதிரியே இருந்துச்சு. பொய்யின்னு தெரிஞ்சும் அழுகை வந்துருச்சு. நீ சொன்ன ஒத்தப் பேச்சுக்கு."

பிரியா நடுங்கிக்கொண்டு நின்றாள். மிச்சத் தண்ணீரை அம்மா அவள் தலையில் ஊற்றிவிட்டு, தன் தலையில் இருந்த துண்டை அவிழ்த்து மகளுக்குத் துவட்ட ஆரம்பித்தார்.

"பெரியப்பங்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன். மெட்ராஸ் தண்ணிக்கு முடியெல்லாம் கொட்டிப் போகும்ங்கறாங்க, எண்ணெய் காச்சிக் குடுத்துடறேன்."