ஐந்தாவது முகவரி

லோயிஸ் பிறந்த அன்று நீலகிரியில் பிக்கட்டி என்ற அவள் ஊரில் அப்படியொரு மூடுபனி. நர்ஸம்மா குழந்தையைக் குளிப்பாட்டித் தூக்கிவந்து, தாயென்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் வைத்துவிட்டாளாம். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள்தான் விஷயம் வெளிப்பட்டுக் குழந்தையைத் திரும்ப வாங்கினார்களாம். சரியான குழந்தைதான் வந்து சேர்ந்ததா என்பதில் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த அவள் அப்பாவுக்குக் கடைசிவரை ஐயம் தீரவில்லை. இப்படித் தொடங்கியவளுக்கு வாழ்க்கையில் எதுவும் நேராகப் புரியாமல் போனதில் வியப்பென்ன?

டிப்ளமோ முடித்தவள், ஊட்டியில் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் பிரிண்டர் பழுது பார்க்க ஒரு மத்தியானத்துக்குப் போனாள். பதினோரு வருடமாகியும் அந்த மத்தியானம் முடியவில்லை. முதலில் பிரிண்டர், பிறகு கணினி, பிறகு வயர், பிறகு கல்லூரியின் மொத்த இன்டர்நெட்டும் அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. வேலை மட்டும் தற்காலிகம். ஒவ்வொரு ஜூனிலும் முதல்வர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம் உண்டு. போடாவிட்டால் ஊட்டியை ஒட்டிய காந்தலில் தன் வீட்டோடு இருக்கவேண்டியதுதான்.

இந்த ஜூனில் தாளோடு ஒரு நிபந்தனையும் வந்தது. நாட்டின் ஆராய்ச்சி நிலையங்களையும் கல்லூரிகளையும் இணைக்கும் பெரிய வலைப்பின்னலில் இந்தக் கல்லூரியும் உண்டு. கணினிகளுக்குக் கொடுக்கும் பழைய முகவரிகள் உலகத்திலேயே தீர்ந்துவிட்டனவாம். எல்லாரும் ஐ.பி.வி.6 என்ற புது முறைக்கு மாறவேண்டும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வலைப்பின்னல்காரர்கள் தொலைவிலிருந்து சோதனை போடுவார்கள். எல்லாக் கட்டடமும் பதில் சொல்லவேண்டும்.

"ஏனுங்க லோயிஸ், முடியுமா?" என்று கேட்டார் முதல்வர் பங்கஜம். சரித்திரம் படித்தவர். "முடியலைன்னா சொல்லிப்போடுங்க. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி ரெடியா இருக்குது. அவங்க வந்தா உங்க தாளுக்கு வேலையில்லை."

"முடியுங்க மேடம்" என்றாள் லோயிஸ். எது முடியும் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது.

புது முகவரிகளின் எண்ணிக்கையே அவளை மிரட்டியது. நீலகிரியில் உள்ள ஒவ்வொரு தேயிலை இலைக்கும் ஒன்று கொடுத்து, இலையில் நிற்கும் பனித்துளிக்கும் ஒன்று கொடுத்தாலும் கல்லூரிக்கு வந்த பங்கில் கால்வாசி தீராது. இது போதாதென்று ஒரே கணினிக்குப் பல முகவரிகள். பக்கத்து மேசையோடு பேச ஒன்று, வெளியுலகத்துக்கு ஒன்று, அடையாளம் காட்டாமல் வெளியே போய்வர ஒன்று. பழைய முறையின் முகவரியும் விடாமல் கூடவே இருந்தது. ஆக நாலு. 'ஒன்றுக்கு மேல் இருப்பது வழக்கம், பயப்படாதே' என்றது பாடப் புத்தகம். அந்தப் புத்தகத்தை லோயிஸ் காந்தல் பஸ்ஸிலேயே படித்தாள். இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் ஸ்டாப்பிங் வந்துவிட்டதால் அதோடு மூடிவைத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புது முறையைத் திறந்துவிட்டாள். எல்லாம் ஓடியது. ஒன்பது மணிக்கு எல்லாம் நின்றது. மாலை ஐந்து மணிக்கு ஆசிரியர்கள் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் மறுபடி ஓடியது. செவ்வாயும் அதே கதை. ஆள் இருந்தால் நிற்கிறது, ஆள் போனால் ஓடுகிறது.

"கூச்சமா இருக்கும் போலிருக்குதுங்க அதுக்கு" என்றார் கணினி ஆசிரியர் பாலகுமார்.

"கிண்டல் பண்ணாதீங்க சார். எதுனால இருக்கும்?"

"பனி. வயருக்குள்ள பூந்துக்கும்."

அலுவலகத்தில் குரங்கு என்றார்கள். கோயம்புத்தூர் கம்பெனிக்காரர் போனிலேயே மலைக்காற்று என்று தீர்ப்புச் சொன்னார். லோயிஸ் மூன்றையும் நம்பினாள். துணியால் வயரைத் துடைத்தாள், கூரையேறிக் குரங்கைத் தேடினாள், காற்றை என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைச் சாத்தினாள்.

புதன்கிழமை நாள் முழுக்க ஓடியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எதைச் சரி செய்தோம் என்று தெரியாமல் சரியாவது போல் பயங்கரம் வேறில்லை. வியாழன் ஒன்பது மணிக்கு மறுபடி நின்றது.

தாள் கை நழுவுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து அதன் முகவரிகளை விரல் விட்டு எண்ணினாள். நாலு. இல்லை, ஐந்து. மூன்று நாளாக அந்த ஐந்தாவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாலு இருக்கும் இடத்தில் ஐந்து இருந்தாலென்ன என்று விட்டுவிட்டாள். இப்போது உற்றுப் பார்த்தால், அவள் கொடுத்த எந்த எண்ணோடும் அதற்கு ஒட்டுறவு இல்லை.

புத்தகத்தைப் பிரித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். புது முறையில் வெளியே போகும் வாசல் எது என்று கணினிக்கு யாரும் எழுதித் தரவேண்டாம். வாசலாக இருக்கும் ரௌட்டரே, 'நான் இங்கே இருக்கிறேன், என் வழியாகப் போ' என்று குரல் கொடுக்கும். கணினிகள் நம்பிப் போகும். வேறு ரௌட்டர் ஏதாவது பொய்க்குரல் கொடுத்தாலும் அதே போல் நம்பிப் போய், வெளியே வழியில்லாமல் நிற்கும். அதைத் தடுக்க, வயர்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் காவல் வரியாக ஒரு கட்டளை எழுதவேண்டும். லோயிஸ் எழுதவில்லை.

குரல் எந்த வயரில் வருகிறதென்று சுவிட்சில் தேடினாள். தாவரவியல் ஆய்வகத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்கு அது கூட்டிப்போனது. அங்கே, போன வருடமே கழித்துக்கட்டிய பழைய ரௌட்டர் ஒன்று பச்சை விளக்குகள் மின்ன உயிரோடு இருந்தது. அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர் போட்ட ஒரு தூக்குப்போசி. உள்ளே இட்லி மாவு.

"தொடாதே அம்மிணி! இப்பத்தான் பொங்குது" என்று ஓடிவந்தாள் ஆய்வக உதவியாளர் மூக்கம்மா.

"இதென்னக்கா இது?"

"எங்கூட்டுக் குளிர்ல மூணு நாளானாலும் மாவு புளிக்காது கண்ணு. காலைல ஒம்போது மணிக்கு கரண்டைப் போட்டு வெச்சு, அஞ்சு மணிக்கு அணைச்சுட்டு எடுத்துட்டுப் போனா, பூவாட்ட இட்லி. ஒரு வருசமா இப்படித்தான்."

"நேத்து வைக்கலையா?"

"நேத்து ரேஷன் கடைக்கு லீவு போட்டேனே."

லோயிஸ் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "சூட்டுக்குக் கரண்ட் போதுமே. இந்த நீல இன்டர்நெட் வயரை எதுக்குக்கா சொருகினீங்க?"

"அதைச் சொருகினாத்தானே லைட்டு மின்னுது! மின்னாம எப்படிச் சூடாகும்?"

ஒரு வருடமாக அந்த ரௌட்டர் மாவுக்கடியிலிருந்து கூவிக்கொண்டுதான் இருந்தது. புது வழியில் வெளியே போக இதுவரை யாரும் இல்லாததால் தொல்லையில்லை. திங்கட்கிழமை லோயிஸ் வழி திறந்ததும் கல்லூரியே தூக்குப்போசியின் பின்னால் போய்விட்டது.

நீல வயரை மட்டும் உருவினாள். மூக்கம்மா முகம் வாடிப் போசியைத் தொட்டுப் பார்த்தாள். "எம்பேரை எழுதிப்போடுவியா அம்மிணி? ரிட்டையராக எட்டு மாசம் இருக்குது."

லோயிஸ் வயரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். மூக்கம்மா பெயரை எழுதிவிட்டு லோயிஸ் தப்பித்துக்கொள்ளலாம். காவல் வரி எழுதாதது யாருக்கும் தெரியவே தெரியாது. அன்று மாலை அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாக் கட்டடமும் பதில் சொன்னது. பன்னிரண்டுக்கு முதல்வர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"'காவல் வரியை நான் எழுதாததால் வேறொரு ரௌட்டரின் குரலைக் கணினிகள் நம்பின.' இது என்னங்க, ராஜா கதையா?"

"நடந்ததுதானுங்க மேடம்."

"அப்ப தப்பு யாருது?"

"என்னுதுங்க."

"கண்டுபிடிச்சது?"

"நானுங்க."

"சரி பண்ணினது?"

"அதும் நானுங்க."

பங்கஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்பெனிக்காரன் மலைக்காத்துன்னான். அவனை வெச்சுக்கிட்டா மலையை நகர்த்தச் சொல்லுவான்." தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம் என்றிருந்ததை அடித்து மூன்று என்று எழுதினார். "உங்களை வெச்சுக்கிட்டா அடுத்த தப்பு எங்கன்னு நீங்களாவது எழுதித் தருவீங்க."

லோயிஸ் தாளோடு கதவுவரை போய்த் திரும்பினாள்.

"மேடம், இப்ப என்னைத் திட்டினீங்களா?"

"எனக்கே தெரியலைங்க. கையெழுத்துப் போட்டாச்சு, போங்க."