அக்கா வைத்த லாவண்டர்

அக்கா வைத்துவிட்டுப் போன லாவண்டர் செடியைக் கொன்றது நான்தான். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவைத் தவிர.

தலைப்பிரசவத்துக்கு வந்தபோது அக்கா அதைக் கொண்டுவந்தாள். அவள் புருஷன், எங்கள் மாமா, ஏற்காட்டில் ஒரு பூந்தோட்டத்தில் வேலை பார்த்தார். அங்கிருந்து வந்த செடி. எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரம். இந்த வெயிலில் அது பிழைக்குமா என்று அம்மாவுக்குச் சந்தேகம். அக்கா தோட்டத்தில் மணலை மேடாகக் குவித்து நட்டாள். பூத்ததும் காயவைத்து, வாசத்துக்காகப் பிள்ளையின் தூளித்துணி மடிப்பில் வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"தண்ணி ஜாஸ்தி ஊத்தாதடி. அதுவும் உன்ன மாதிரிதான், யாரும் கிட்ட போவாம இருந்தா நல்லா இருக்கும்" என்று சிரிப்பாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆள் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த சமயம் அது. ஒருநாள் விடிந்ததும், ரோட்டை மறிக்க மரம் வெட்ட அப்பா கோடாலியை எடுத்தார்.

"இன்னாத்துக்குப்பா ரோட்டு மரத்தையெல்லாம் வெட்றீங்க?" என்றாள் அக்கா.

அப்பா அவள் வயிற்றைக் காட்டினார். "எல்லாம் உள்ள இருக்கறவனுக்குத்தாம்மா. நாளைக்கு அவன் உத்தியோகத்துக்குப் போவ வேணாமா?"

மறுநாள் காலையிலேயே அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது, ஒரு மாதம் முன்னதாக. உதிரம் நிற்கவில்லை. மாட்டுவண்டியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஏறும்போதும் "செடியப் பாத்துக்கடி" என்றாள். ஊர் எல்லையிலேயே புளியமரம் குறுக்கே கிடந்தது. அப்பா வெட்டியது. அப்பாவே ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு கிளைகளுக்குள் நுழைந்தாராம். அதற்கப்பால் இன்னொரு மரம். அப்புறம் இன்னொன்று. அக்கா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பிள்ளையும் பிழைக்கவில்லை.

அவள் விட்டுப்போனதையாவது காப்பாற்ற வேண்டும் என்று, கனகாம்பரத்துக்கு ஊற்றுவது போலக் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். சாணியும் கரைத்து ஊற்றினேன். இலை வாட வாட இன்னும் ஊற்றினேன். காரியத்தன்று தொட்டதும் வேரோடு கையில் வந்தது, கறுத்து, அழுகி.

அப்பா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா அப்பவே சொன்னிச்சிப்பா, நான்தான் கேக்கல. நல்லது பண்றதா நெனச்சி சாவடிச்சிட்டேன்."

அப்பா என் கையிலிருந்த செடியையே பார்த்தார். பிறகு அந்தச் சேற்றில் அப்படியே சாய்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். ஒரு செடிக்கா இப்படி அழுவார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அழுவாதீங்கப்பா. மாமாகிட்ட சொல்லி வேற செடி வாங்கியாந்து வெச்சிக்கலாம்" என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.