தங்கச்சி தின்னாத ரொட்டி

இன்று காலை என் பேத்தி ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். "குண்டாயிட்டேன்னு கிளாஸ்ல சிரிக்கிறாங்க தாத்தா." கல்லில் லேசாகக் கருகிய கோதுமை மாவின் வாசனை. அதோடு மனசு கொட்டகலைப் பக்கத்துத் தேயிலை மலைக்கு ஏறிவிட்டது.

அப்போது நான் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார். எண்ணாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பிள்ளைகளை எண்ணுவேன், சாக்கட்டிகளை எண்ணுவேன், வீட்டில் அம்மா சுடும் ரொட்டிகளையும் எண்ணுவேன். ஆளுக்கு இரண்டு. அந்த வருஷம்தான் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்த என் தங்கச்சி பார்வதிக்கும் இரண்டு. அவள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த எங்கள் லயத்து வீடுகளில் அது அபூர்வம். எங்களுக்கு அதில் பெருமைகூட.

கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் சில ராத்தல் கழிப்பது வழக்கம். ஒருநாள் கணக்கப்பிள்ளை தராசைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் குட்டி பக்கத்துல நின்னாலே முள்ளு எறங்குது. இவளுக்கு எத்தன ராத்தல் கழிக்கிறது?" என்றார். வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து பையன்களுக்கு அவள் 'கொழுந்துச் சாக்கு'.

வீட்டில் அவள் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி சோற்றை அளைந்துவிட்டு, "வயிறு சரியில்லம்மா" என்பாள். ஆனால் ரொட்டி கட்டிய துணி மட்டும் தினமும் வெறுமையாகத் திரும்பும். அதைப் பார்த்து நாங்களும் திருப்திப்பட்டோம்.

மலையில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்குச் சொன்னேனா தெரியவில்லை. தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ரொட்டியை மாற்றிக்கொள்வார்கள். தன் ரொட்டியைத் தானே தின்றால் கஞ்சப்பேர் வரும். செல்லாயி அக்கா தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டுச் சுடுவாள்; அதற்குப் பெரிய போட்டி. பார்வதியும் தன்னுடையதைக் கொடுத்துவிடுவாள். பதிலுக்கு வாங்கமாட்டாள். அம்மாவுக்கு வேலை வேறு மலையில்.

ஒரு மழை நாள், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டாள். நான் ஓடிப் போனபோது அம்மா அவள் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"இன்னைக்கு என்னடி தின்ன?"

பார்வதி அம்மாவின் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாள். செல்லாயி அக்கா பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "நீ குடுத்தியா?"

"நீங்க குடுத்தீங்கன்னுல்லக்கா நெனச்சேன்."

கணக்கப்பிள்ளை, "வெளையாட்டுக்குத்தாம்மா சொன்னேன்" என்று இழுத்தார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "கொழுந்த மட்டும் நிறுங்கய்யா. எம்புள்ளய நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் முதல் பெண்கள் அவளை இழுத்து வட்டத்தில் உட்காரவைத்தார்கள். தின்பதை யாரும் பார்க்கக் கூடாதென்று அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். கை மட்டும் பின்னால் நீளும். யாரோ ஒருத்தி அதில் ஒரு துண்டு வைப்பாள். தின்றுவிட்டு மறுபடி நீட்டுவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானே பார்த்திருக்கிறேன்.

கந்தப்பளைக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் அடுப்பைப் பார்த்தபடிதான் சாப்பிட்டாளாம். இப்போது அவளும் இல்லை, செல்லாயி அக்காவும் இல்லை. போன மாசம் பஸ்ஸில் அந்த மலையைக் கடந்தேன். பெண்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரவர் ரொட்டியை அவரவரே.