ஐந்து மணி வரை, ஐந்து மணிக்குள்

'அன்டில்' என்கிற இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழில் 'வரை'. 'பை' என்றால் 'க்குள்'. ஐந்து மணி வரை கடை திறந்திருக்கும் என்றால் நாலே முக்காலுக்கும் ஆடி அசைந்து போகலாம். ஐந்து மணிக்குள் கடைக்கு வா என்றால் அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் போகலாம், பிந்தக்கூடாது. பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். இதைத் தெரியாமல் ஒருவர் நோட்டீஸ் எழுதினார். தப்பு என்று தெரிந்தே ஒருத்தி அதை அச்சடித்துக் கொடுத்தாள். அந்த ஒருத்தி நான்தான். யாரையும் திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் அச்சுக்கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் நோட்டீஸ், தமிழ் எதுவானாலும் டைப் அடிப்பது நான். பதினாறு வருஷமாக இதுதான் வேலை. ஒருநாள் லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியிலிருந்து ஒரு தமிழ்த் தம்பி வந்தார். நாலு மொழியிலும் நோட்டீஸ் வேண்டும். அவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மற்ற மூன்று மொழியும் ஒழுங்காக விழுகிறதாம், தமிழ் மட்டும் கட்டம் கட்டமாக வருகிறதாம். தேதி இருந்தது. பிளாக் எண் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதை அவர்களே கையால் எழுதிக்கொள்வார்களாம்.

இங்கிலீஷில் மாலை ஐந்து மணி வரை லிஃப்ட் ஓடாது என்று சரியாகத்தான் இருந்தது. தமிழில், "மின்தூக்கிச் சேவை மாலை 5 மணிக்குள் நிறுத்தப்படும்."

"தம்பி, இங்க 'வரை'ன்னு வரணும். இப்படிப் போட்டா, சாயங்காலம் அஞ்சு மணி வாக்குலதான் லிஃப்ட் நிக்கும், அதுக்கு முன்னாடி ஓடும்னு நினைச்சுக்குவாங்க."

"அக்கா, இது அப்ரூவ் ஆயிடுச்சு. டச் பண்ணாதீங்க லா." போனைப் பார்த்துக்கொண்டே பேசினார். "யாரு இதெல்லாம் படிக்கப் போறா? எல்லாரும் இங்கிலீஷ்தான் பாப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நாலு மொழியில் ஒரு மொழி சும்மா அலங்காரத்துக்கா? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பின்னால் முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார், மேஜையில் இரண்டு கல்யாணப் பத்திரிகை காத்திருந்தது. போனால் போகிறது, எனக்கென்ன வந்தது என்று அடித்துக் கொடுத்துவிட்டேன்.

நான் இருப்பது ஆங் மோ கியோவில், ஏழாவது மாடியில். அடுத்த வாரம் எங்கள் பிளாக்கிலேயே அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பார்த்தேன். ஒரு நிமிஷம் என்னவோ போலிருந்தது. இங்கிலீஷ் இருக்கிறதே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தேன்.

என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் ஒரு பாய். நாகூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்து, நாற்பது வருஷம் மளிகைக்கடை நடத்தியவர். தமிழ்ப் பேப்பரை விளம்பரம்கூட விடாமல் படிப்பார். இங்கிலீஷ் பேசுவார், படிக்க வராது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். குரலும் போய்விட்டது. பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். போனில் பேசினால் மறுபக்கம் மூச்சு மட்டும்தான் போகும்.

அவருக்கு ஓர் அக்கா, லாத்தா என்று கூப்பிடுவார். பொங்கோலில் மகன் வீட்டில் இருந்தவர். லிஃப்ட் வேலை நடந்த அன்று மாலை விமானத்தில் அந்த லாத்தா ஊரோடு போய்ச் சேருகிறார், இனி நாகூரில் மகளோடுதான். பாயால் இனி விமானம் ஏற முடியாது. லாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது. அன்று விமான நிலையத்தில் பார்ப்பதுதான் கடைசிப் பார்வை என்று இருவருக்கும் தெரியும். பாயின் மனைவி, நாத்தனாருக்குப் பெட்டி கட்ட முந்தின நாளே பொங்கோல் போயிருந்தார். தனியே வேறு பேட்டையில் இருக்கும் மகன், "காலையிலேயே வந்து கூட்டிட்டுப் போகட்டுமா, அத்தா?" என்று கேட்டிருக்கிறான். பாய்தான், "எதுக்கு அவசரம்? லிஃப்டை அஞ்சு மணிக்குள்ளதான் நிப்பாட்டுவாங்க. ரெண்டு மணிக்கு வா" என்று மெசேஜ் அடித்திருக்கிறார்.

அன்று எனக்கு லீவு. இரண்டு மணிக்கு வாசலில் துணி காயப்போட வந்தபோது, லிஃப்ட் முன்னால் பாய் நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பி, மடியில் ஒரு பை நிறைய தைல பாட்டில். என்னைப் பார்த்ததும் நோட்டீஸைக் காட்டினார். கிட்டே போய்க் காதைக் கொடுத்தேன். "அஞ்சு மணிக்குள்ளன்னு போட்டிருக்கேம்மா. மணி ரெண்டுதானே?"

ஐயோ! என் கை அடித்த எழுத்து.

ஏழு மாடியும் இறங்கி ஓடினேன். எங்கள் பக்கம் இருப்பது ஒரே லிஃப்ட். கீழே கதவைத் திறந்து போட்டு வேலை செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் புதுக்கோட்டைக்காரர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "அக்கா, ரோப்பையே கழட்டிட்டோம். அஞ்சு மணி வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது." பாருங்கள், 'வரைக்கும்' என்று அவர் எவ்வளவு சரியாகச் சொன்னார்! யாராவது இவரிடம் கேட்டு நோட்டீஸ் எழுதியிருக்கக்கூடாதா?

பாயின் மகனும் வந்துவிட்டான். வேலையாட்கள் இரண்டு பேர், "வாங்க, நாற்காலியோட தூக்கிடலாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு எங்களோடு கூடவே ஏறினார்கள். பாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மகன் கெஞ்சினான், அப்புறம் கத்தினான். பாய் என்னைக் கிட்டே கூப்பிட்டு என் காதில் சொன்னார்: "நாலு பேர் என்னைத் தூக்கற நாள் வரும். அது இன்னைக்கு இல்லேன்னு சொல்லு." சொன்னேன். மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கோபமாக வந்தது எனக்கு, ஆனால் அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

மகன் போனில் விஷயத்தைச் சொல்ல, லாத்தா காரைத் திருப்பச் சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு எங்கள் கார்பார்க்கில் வந்து இறங்கினார். முட்டி இரண்டும் போனவர், ஏழு மாடி ஏற வழியே இல்லை. அவருடைய மகன் போனைப் பிடித்து வீடியோ கால் போட்டுக் கொடுத்தான். அதை அவன் கையிலேயே திணித்துவிட்டு, அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"தம்பீ! மாத்திரை ஒழுங்கா போடறியாடா?"

பாயை நடைபாதைச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்தினோம். அவர் ஏதோ சொன்னார். எதிரில் நின்ற எனக்கே கேட்கவில்லை, கீழே எங்கே கேட்கும்? குனிந்து காதைக் கொடுத்தேன். "போடறேன்னு சொல்லு."

"போடறாராம்!" என்று கத்தினேன்.

அப்படியே கால் மணி நேரம் நடந்தது. அவர் காதில் சொல்வார், நான் சுவரில் சாய்ந்து அடிவயிற்றிலிருந்து கத்துவேன். பேத்தி பரீட்சையில் தேறினது, வீட்டுக்காரம்மா போட்ட ஊறுகாய் மேல் பெட்டியில் இருப்பது, எல்லாவற்றையும் பிளாக் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியம்மா சத்தத்தைக் கேட்டுச் சண்டைக்கு வந்தவர், கீழே எட்டிப் பார்த்தார். பேசாமல் என் பக்கத்தில் நின்று கையாட்ட ஆரம்பித்துவிட்டார். கடைசியாகப் பாய், "உம்மா கபுருக்குப் போனா என் சலாமையும் சொல்லச் சொல்லு" என்றார். பெற்ற தாயின் சமாதிக்கு ஒரு மகன் அனுப்பும் சலாம். அதையும் நான்தான் கார்பார்க்கைப் பார்த்துக் கத்தினேன்.

லாத்தா கார் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நான் திரும்பி வர்ற வரைக்கும் நீ இருக்கணும், கேட்டுச்சா?" என்றார். வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். பாய் பதில் சொல்லச் சொல்லவில்லை. நல்லாயிருந்த கையைத் தூக்கிக் காட்டினார். கார் போன பிறகும் அந்தக் கையை இறக்கவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன், பாய் அழவில்லை.

மறுவாரம் அதே தம்பி அடுத்த வரிசை பிளாக்குகளுக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார். அதே பேப்பர், அதே 'க்குள்'.

"இதை அடிக்க மாட்டேன்" என்றேன்.

"அக்கா, அப்ரூவ் ஆனது லா..."

"யாரு அப்ரூவ் பண்ணினாங்க? தமிழ் தெரிஞ்ச ஆளா? உங்களுக்கே தமிழ் தெரியுமே, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? யாரு படிப்பான்னு கேட்டீங்களே, எங்க மாடிக்கு வாங்க, காட்டறேன்."

முதலாளி பின்னாலிருந்து எழுந்து வந்தார். "கஸ்டமர் கேட்டதை அடிச்சுக் குடும்மா, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

கீபோர்டை அவர் பக்கம் தள்ளிவைத்தேன். "நீங்க அடிங்க முதலாளி. என் கை அடிக்காது. வேலையை விட்டுப் போன்னு சொன்னாலும் சரி." பதினாறு வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. கடையில் பத்திரிகை பார்க்க வந்த ஒரு குடும்பமே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்தத் தம்பி வெளியே போய் ஆபீசுக்குப் போன் போட்டார். திரும்பி வந்து, "மாத்திக்கலாமாம் அக்கா" என்றார். அவ்வளவுதான். இரண்டே நிமிஷம்.

அன்று ரயிலில் வீட்டுக்கு வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் வந்தேன். நேராகப் பாய் வீட்டுக்குப் போனேன். முதலாளியை எதிர்த்து நின்றது, கீபோர்டைத் தள்ளினது, ஒன்று விடாமல் கை காலை ஆட்டிச் சொன்னேன். அவர் மனைவி, "நல்லா கேட்டேம்மா!" என்று டீ போட்டுக் கொடுத்தார். பாய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, விரலால் என்னைக் கிட்டே கூப்பிட்டார். குனிந்தேன்.

"நம்ம பிளாக் நோட்டீஸையும் நீதானே அடிச்சே?"

"நான்தான் பாய்."

"தப்புன்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவர் குரலில் கோபமே இல்லை.

"அப்பவும் ரெண்டு நிமிஷம்தானேம்மா ஆயிருக்கும்" என்றார்.