வெள்ளைப் பட்டை டயரும் நாலு எலுமிச்சம்பழமும்

தினமும் ஆபீசுக்கு ஓட்டற என் ஐம்பத்தாறு மாடல் காருக்கு, இன்னைக்கு வெள்ளைப் பட்டை டயர் போட்டாச்சு!

"டெய்லி ஓட்டற வண்டி சார், கறுப்பே போடுங்க"ன்னு கடைக்காரர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டார். நான் கேட்டாத்தானே?

பூஜை போடாம என் மனைவி வண்டியை எடுக்க விடுவாளா? குங்குமம் அடைச்ச எலுமிச்சம்பழத்தை நாலு சக்கரத்துக்கும் அடியில வச்சா.

ஏத்தினேன். வெள்ளைப் பட்டையெல்லாம் சிவப்புத் தெறிப்பு!

பதறிப்போய் ஈரத்துணியால துடைச்சேன். சுத்திலும் பரவி, நாலும் ரோஸ் கலர்.

எங்க ஊர் தேவராஜ மார்க்கெட் பக்கத்து சிக்னல்ல ஒரு ஸ்கூட்டர்காரர் வாயைப் பிளந்தார். "ஸ்வாமி, இந்த டயர் எங்க கிடைக்குது?"ன்னு கன்னடத்துல கேட்டார்.

"ஃபாரின்"னு சொல்லிட்டேன்.

இப்போ இதை டைப் பண்ற பிரவுசிங் சென்டர் ஜன்னலுக்கு வெளியே மேகம் கறுக்குது. குங்குமம் மழையில கரையாம இருக்க வழி தெரிஞ்சவங்க, உடனே பதில் போடுங்கப்பா!