மார்வா அழித்து எழுதிய எண்

மார்வா ஸ்லடெக்குக்கு ஆக்டேன் பூஸ்டர் என்றாலே ஆகாது. பெட்ரோலில் ஊற்றினால் வண்டி பறக்கும் என்று படம் போட்டுச் சின்னப் புட்டிகளில் விற்பார்களே, அதுதான். "அது கலர் தண்ணி. மனுஷன் குடிச்சாலாவது வயிறு கலங்கும், வண்டிக்கு அதுகூட ஆகாது" என்பாள். அவள் இதைச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் நெப்ராஸ்காப் பக்கம் கிடையாது. கூத்து என்னவென்றால், அந்தப் புட்டிகளை ஊருக்கெல்லாம் விற்கிறவனே அவள் புருஷன் லைல்தான். உதிரிபாகக் கடையில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறான். புட்டிகள் அவன் தலைக்கு மேலேயே அடுக்கியிருக்கும்.

நான் வெண்டல். வாரத்தில் ஆறு நாள் தபால் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயத் தடத்தின் கோபுரத்தில் ஏறி மைக்கில் கத்துகிறேன். இரண்டு வேலையிலும் அடுத்தவர் வீட்டு விவகாரம் தானாகத் தெரிந்துவிடும்.

மார்வா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஐம்பத்தொன்பது வயது. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாளானால், கடைசி இருக்கைப் பயல் வாயிலிருக்கும் சூயிங்கத்தை அப்படியே விழுங்கிவிடுவான். ஒரு ஜனவரி மாதம் தன் நீலக் காரின் இன்ஜினைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டு, அதன் தலையில் சூப்பர்சார்ஜரைத் தானே உட்கார வைத்தாள். உள்ளே காற்றை அமுக்கித் திணிக்கிற சாமான் அது. அந்த மாதம் முழுக்க லைல் வாஷிங் மெஷின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டான். "சூப் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்" என்றான். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

எங்கள் பந்தயத்தில் வேகமாக ஓடினால் மட்டும் போதாது. கால் மைலை எத்தனை நொடியில் கடப்பேன் என்று முன்கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் முன்னாடியே எழுதிவிட வேண்டும். மெதுவான வண்டியை அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முதலில் கிளப்பிவிடுவோம். எழுதியதைவிட ஒரு இம்மி வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. கோட்டை நெருங்கும்போது பிரேக்கை லேசாகத் தொட்டுச் சமாளிக்கிற சாமர்த்தியசாலிகள் உண்டு. மார்வா தொடமாட்டாள். "பிரேக் அடிக்கவா லைலை ஒரு மாசம் நிக்க வெச்சு சாப்பிட வெச்சேன்?" என்பாள்.

வருஷக் கடைசியில் ஜெயிக்கிறவரின் பெயரை ஒரு பழைய பால் கேனில் பெயிண்டால் எழுதுவோம். கேன் ஓட்டைதான். ஆனாலும் அதில் பெயர் ஏறவேண்டும் என்று பத்தொன்பது வருஷமாகத் தவித்தாள் மார்வா. இரண்டு முறை இறுதிச் சுற்றுவரை போய்த் தோற்றாள். இரண்டு முறையும் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க லைல்தான் வண்டியை ஓட்டினான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன வருஷம் மூன்றாவது முறையாக இறுதிச் சுற்றுக்கு வந்தாள். எதிரே கர்ட் போஹாக், அவன் பழைய பிக்கப் வண்டியோடு. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். காலையில் பதினொன்று புள்ளி இருபத்தெட்டு நொடியில் ஓடிய மார்வாவின் கார், மதியம் பதினொன்று புள்ளி நாற்பத்திரண்டுக்கு மந்தமாகிவிட்டது. சூடான காற்று லேசாகிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, திணித்த காற்றின் சூட்டில் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்கப் பார்க்கும். கார்க் கணினி பயந்துபோய்த் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். மார்வா இதெல்லாம் தெரிந்துதான் கண்ணாடியில் நாற்பத்திரண்டு எழுதியிருந்தாள்.

அரையிறுதியில் கோட்டைத் தாண்டும் நேரம் அவள் இன்ஜினுக்குள் கோலிக்குண்டைக் குலுக்கியது போல ஒரு சத்தம். ஒரே ஒரு நொடி. பெட்ரோல் முந்திக்கொண்டு வெடிக்கிற சத்தம் அது. வேலியோரம் நின்ற லைலின் முகம் வெளுத்துவிட்டது.

மார்வா சர்ச் பெண்களின் கடைக்குக் கோலாச்சி பன் தின்னப் போனாள், ஆப்ரிகாட் பழ ஜாம் வைத்தது. அப்போது கோபுரத்திலிருந்து பார்க்கிறேன், லைல் சட்டைக்குள் எதையோ அடக்கிக்கொண்டு, குனிந்து குனிந்து நீலக் காரை நோக்கிப் போகிறான். கர்ப்பிணி வாத்து போல ஒரு நடை. எனக்குப் புரிந்துவிட்டது. மைக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

பிறகு நடந்த பேச்சை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப் போகிறது, ஆகவே உண்மை.

"லைல், டேங்க் மூடியைத் தொட்டது யாரு?"

"காத்து."

"காத்து மண்ணெண்ணெய் வாடை அடிக்குமா?"

லைல் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றான்.

"அந்தச் சத்தத்தைக் கேட்டேன் மார்வா. இன்ஜின் வெடிச்சிடுமோன்னு பயந்துட்டேன். உள்ள நீ இருந்தே."

"எத்தனை புட்டி?"

"ஒண்ணு."

"லைல்."

"ரெண்டு."

"டேங்க்ல இருக்கிறதே நாலு கேலன்யா! நம்பரை யோசிச்சியா? சத்தம் நின்னா கணினிக்குப் பயம் போயிடும், இனிமே வேகமா ஓடித் தோப்பேனே!"

"நம்பரை மறந்துட்டேன்" என்றான் லைல். பத்தொன்பது வருஷம் வேலியோரம் நின்றவன் மறந்துவிட்டான்! பெட்ரோலை வடித்து மாற்ற நேரமில்லை. நான் வேறு, விவரம் கெட்டவனாக, இறுதிச் சுற்றுக்கு வரச்சொல்லி மைக்கில் கூவிக்கொண்டிருந்தேன்.

அவள் முன்னால் இரண்டே வழி. நாற்பத்திரண்டை அப்படியே விட்டால் மானம் மிஞ்சும், பால் கேன் போகும். எண்ணைக் குறைத்து எழுதினால் கேன் கிடைக்கலாம். ஆனால் கொளுத்துகிற வெயிலில் எண்ணைக் குறைக்கிறவர் ஒன்று பைத்தியம், இல்லை புட்டி ஊற்றியவர். மார்வா பைத்தியமில்லை என்பது ஊருக்கே தெரியும். தான் பிடித்த முயலுக்கு நாலு கால் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒப்புக்கொள்ளச் சொன்னால் யாருக்குத்தான் கை வரும்?

அவள் சட்டைக் கையில் எச்சில் தொட்டாள். நாற்பத்திரண்டை அழித்தாள். முப்பத்துநாலு என்று எழுதினாள்.

கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு குரல்: "என்ன மார்வா, கலர் தண்ணி தாகத்தைத் தணிச்சுதா?" சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்தேன், மைக் திறந்திருந்தது, இன்றுவரை அதற்குத் திட்டு வாங்குகிறேன். மார்வா ஜன்னலை ஏற்றிக்கொண்டாள். கழுத்துவரை சிவந்திருந்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. முதலில் கர்ட் கிளம்பினான், அப்புறம் இவள். சூப்பர்சார்ஜர் ஊளையிட்டது. கோலிக்குண்டுச் சத்தம் இல்லவே இல்லை! பிரேக் விளக்கு எரியவில்லை. கடைசி நூறு அடியில் கர்டைப் பிடித்தாள், முக்கால் சக்கரம் முந்தினாள். நான் திரையைப் பார்த்தேன். பதினொன்று, முப்பத்துநாலு, அதற்குப் பின்னால் ஒரு மூன்று. எழுதியதைவிட ஒரு நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்குதான் மெதுவு. என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. நாற்காலி உடைந்தது மட்டும் நினைவிருக்கிறது.

லைல் வேலியைத் தாண்டிக் குதித்தான். அறுபத்திரண்டு வயது, முழங்கால் ஆபரேஷன் ஆனவன்.

"வேலை செஞ்சுது! மார்வா, வேலை செஞ்சுது!"

"ஒண்ணும் செய்யலே" என்றாள் அவள், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டு. "வெயில் திருடினதுல பாதியைத் திருப்பிக் கொடுத்துது. அதெல்லாம் என்னோடது. அதுக்கு மேல ஒரு நூல் கொடுத்திருந்தா தோத்திருப்பேன். காலையில ஓடினதைவிட வேகமா ஓடினேனா? சொல்லு."

"சத்தம் வரல இல்ல?"

"வரல" என்று ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் லைல் கடையில் ஒரு அட்டை தொங்கவிட்டான்: மார்வா ஸ்லடெக் காரிலேயே ஊற்றியது. சாயங்காலம் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து அதன் கீழே அவள் எழுதினாள்: அதுவும் வெயிலில், இன்ஜின் சத்தம் போட்டால் மட்டும், மற்ற நாளில் கலர் தண்ணி. அந்த வாரமே புட்டி எல்லாம் தீர்ந்துபோயிற்று. அவளுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கேனில் பெயர் எழுதுவதும் என் வேலைதான். பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தேன். மார்வா என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். முடிந்ததும் போகவில்லை.

"அவன் பேரையும் போடு வெண்டல். என் பேருக்குக் கீழ."

"எவ்வளவு பெருசா?"

இரண்டு விரலை ஒட்டினாற்போல் காட்டினாள். "அந்தப் புட்டியில எச்சரிக்கை போட்டிருப்பாங்களே, அந்த அளவுக்கு."

அப்படியே எழுதினேன். லைல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, குனிந்து அதைப் படித்துவிட்டுத்தான் வேலியோரம் போகிறான்.